தொண்டை வேறு, குரல் வேறு

'ஐ ஆம்: செலின் டியோன்' ஆவணப்படத்தில் ஓர் இடம் வருகிறது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் செலின், தன் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை, அதற்கு முன்னால் இருப்பதுதான் விறைத்துப்போயிருக்கிறது என்கிறார். சொல்வதோடு நிற்காமல் பாடிக் காட்டவும் முயல்கிறார். மேலே ஏறும் வழியில் குரல் உடைகிறது. காற்றும் கரகரப்புமாக ஏதோ வெளியே வருகிறது. இதைத் தானே கேட்பதும் இன்னொருவருக்குக் காட்டுவதும் தனக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று சொல்லி அழுகிறார்.

முதல் முறை பார்த்தபோது அந்த இடத்திலேயே படத்தை நிறுத்திவிட்டேன். எனக்கு அவருடைய பாடல்கள் பெரிய அளவில் பழக்கமில்லை. நான் நிறுத்தியதற்குக் காரணம் என் அம்மா. அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். மாத்திரையை விழுங்கிவிட்டுத் தொண்டையை ஒரு கையால் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருப்பதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் தொண்டை என்பது ஓர் உறுப்பு, அது குரலுக்கு அப்பாற்பட்டும் வலிக்கும் என்பதை ஒரு பாடகியின் படத்தைப் பார்த்துத்தான் யோசிக்கத் தொடங்கினேன். இது எனக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

படத்தை இயக்கியவர் ஐரீன் டெய்லர். 2024 ஜூனில் பிரைம் வீடியோவில் வெளியானது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2022 டிசம்பரில், தனக்கு ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம் இருப்பதாகச் செலின் உலகத்துக்கு அறிவித்திருந்தார். பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும் நரம்பு நோய் அது. தசை இறுகுவதற்குக் கட்டளை வேண்டியிருப்பது போலவே, இறுகாமல் இருப்பதற்கும் நரம்பு மண்டலத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த வேலையைச் செய்யும் வேதிப்பொருள்களில் முக்கியமானது காபா. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, காபாவைத் தயாரிக்கும் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உடலே உண்டாக்கிவிடுகிறது. அடக்கிவைக்கும் ஏற்பாடு பழுதாகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. திடீர்ச் சத்தம், எதிர்பாராத தொடுதல், கோபம், மகிழ்ச்சி எதுவும் அந்த இறுக்கத்தைத் தூண்டிவிடலாம். படம் வெளியான அதே மாதத்தில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், பாட முயலும்போது யாரோ தன் கழுத்தை நெரிப்பது போல் இருக்கிறது என்று செலின் விளக்கினார். இறுக்கத்தின் வேகத்தில் விலா எலும்பு முறிந்ததையும் சொன்னார்.

கழுத்தை நெரிப்பது, குரல்வளையை நெரிப்பது என்பதெல்லாம் நம் மொழியில் மிகவும் புழங்கிப்போன உருவகங்கள். கருத்துரிமையின் குரல்வளை நெரிக்கப்படுகிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பெண்ணியத்தில் இது இன்னும் அதிகம். பெண் குரல், ஒடுக்கப்பட்ட குரல், ஒலிக்காத குரல், மீட்டெடுத்த குரல் என்று எத்தனை தலைப்புகள், எத்தனை தொகுப்புகள்! நானும் அப்படி எழுதியவள்தான். அந்த எழுத்துகளை இப்போது திரும்பிப் பார்த்தால், குரலைப் பற்றி அவ்வளவு பேசிய நான் அது வருகிற தொண்டையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது தெரிகிறது. குரல் வெளியே போய் மற்றவர் காதில் சேர்வது. அதைப் பாராட்டலாம், விற்கலாம், அரசியலாக்கலாம். தொண்டை உள்ளே இருப்பது. அதில் நடப்பது அதை உடையவளுக்கு மட்டும் தெரியும். ஒரு பெண்ணிடமிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொள்வது குரலை. அவளுக்கென்று மிஞ்சுவது தொண்டை. இந்தப் படத்தை நான் இந்த வேறுபாட்டை வைத்தே படிக்க விரும்புகிறேன்.

படத்தில் மிகவும் நேர்மையான பகுதி, பொய்களைப் பற்றிய பகுதி. ஏறத்தாழ 17 ஆண்டுகளாகச் செலினுக்குக் குரலில் சிக்கல் இருந்திருக்கிறது. நிகழ்ச்சிகளை ரத்து செய்தபோதெல்லாம் சைனஸ், காதுத் தொற்று என்று காரணங்கள் சொல்லப்பட்டன. மேடையில் குரல் மக்கர் செய்யும்போது ஒலிவாங்கியை ரசிகர்கள் பக்கம் நீட்டி அவர்களைப் பாடவைத்திருக்கிறார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, பழுது அதில் இருப்பது போல் காட்டியிருக்கிறார். நிகழ்ச்சியைத் தள்ளிக்கொண்டு போக மருந்தின் அளவு கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு நாளைக்கு 80, 90 மில்லிகிராம் வேலியம் வரை. இந்தப் பொய்யின் சுமையை இனித் தூக்க முடியாது என்று அவர் சொல்லும்போது நடிப்பின் சாயலே இல்லை.

ஒலிவாங்கியைத் தட்டுகிற அந்தக் கைதான் என்னைத் தொந்தரவு செய்தது. வலிக்கிறது என்று சொல்வதைவிடக் கருவி பழுது என்று சொல்வது எளிதாக இருந்திருக்கிறது. ஏன்? படத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. செலின் தன்னை ஓர் ஆப்பிள் மரமாக உருவகித்துப் பேசுகிறார். மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். தான் எல்லோருக்கும் பளபளப்பான ஆப்பிள்களைத் தந்துவந்ததாகவும், இப்போது கிளைகள் வளைந்து காய்ப்பது குறைந்துவிட்டதாகவும், வரிசை மட்டும் குறையவில்லை என்றும், கையில் ஆப்பிள் இல்லாமல் யாரையும் காக்கவைக்க விருப்பமில்லை என்றும் சொல்கிறார். பலர் இதைப் பார்த்து நெகிழ்ந்தார்கள். எனக்கு நெகிழ்ச்சியோடு ஒரு கோபமும் வந்தது. கியூபெக்கின் ஒரு சிற்றூரில் 14 குழந்தைகளில் கடைசியாகப் பிறந்து, பன்னிரண்டு வயதிலிருந்து பாடிவரும் ஒரு பெண், காய்க்காத மரமாகிவிட்டதற்கு வருந்துகிறார். காய்க்கிற மரம், காய்க்காத மரம் என்கிற பேச்சு நமக்குப் புதிதா? கருப்பையை வைத்து நம் ஊரில் பேசுகிற அதே பேச்சு, அங்கே தொண்டையை வைத்து வருகிறது. பெண்ணுடலின் எந்த உறுப்பும் அதன் விளைச்சலை வைத்தே மதிக்கப்படும் என்றால், அந்த உறுப்பில் வலி என்பது விளைச்சல் நின்ற பிறகுதான் செய்தியாகும். படம் இந்த உருவகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. வரிசையில் நிற்பவர்களை நோக்கி அது திரும்பவே இல்லை. அந்த வரிசையை வைத்து லாஸ் வேகஸில் ஆண்டுக்கணக்கில் நடந்த வியாபாரத்தைப் பற்றியும் கேள்வி கேட்கவில்லை.

இனி, எல்லோரும் பேசிய அந்தக் காட்சி. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிவிட்டு வந்த செலின், பிசியோதெரபி சிகிச்சைக்காகப் படுத்திருக்கிறார். முதலில் பாதம் இறுகுகிறது. பிறகு கை, முகம், உடல் முழுவதும். வாய் பேச முடியாமல் முனகல் மட்டும் வருகிறது, கண்ணீர் வழிகிறது. மூக்கில் மருந்து அடிக்கிறார்கள். நிமிடக்கணக்கில் நீளும் காட்சி. கேமரா விலகவில்லை. இதைக் காட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். பெண்ணின் துன்புறும் உடலைக் காட்சிப்பொருளாக்குவதற்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர், ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களின் உடல் இறுக்கங்களைப் பார்வையாளர் முன் நிகழ்த்திக் காட்டினார். புகைப்படத் தொகுதிகளாகவும் அவை வெளியாயின. அந்தப் பெண்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஆனால் இந்தக் காட்சியை நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். படத்தைப் பார்த்த செலின், எதையும் மாற்ற வேண்டாம், அந்தக் காட்சியைக் குறைக்கவும் வேண்டாம் என்று கூறியதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் செலின் மூச்சுவிடுகிறாரா என்று தெரிந்துகொள்ளத் தன் ஹெட்ஃபோனில் உற்றுக் கேட்டாராம். உலகத்தின் விலையுயர்ந்த குரல்களில் ஒன்றைப் பதிவுசெய்ய வந்த ஒலிவாங்கி, அந்தச் சில நிமிடங்களுக்கு வெறும் மூச்சைத் தேடியிருக்கிறது. படம் முழுவதிலும் தொண்டையைத் தொண்டையாகவே கேட்ட தருணம் அதுதான் என்பேன்.

அந்தத் தருணத்தைப் படம் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் குறை. இறுக்கம் தளர்ந்ததும் அதே அறையில் ஒரு பாடல் ஒலிக்கிறது. செலின் சேர்ந்து பாடுகிறார், கையை ஆட்டுகிறார், முகம் மலர்கிறது. பார்வையாளர்களுக்கு அப்பாடா என்றிருக்கும். எனக்கும் இருந்தது. அந்த ஆறுதலைத்தான் சந்தேகிக்கிறேன். வலித்த உடல் பிழைத்துவிட்டது என்பதற்குப் பாட்டைத் தவிர வேறு சாட்சி நமக்குத் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஈஃபில் கோபுரத்திலிருந்து எடித் பியாஃபின் பாடல் ஒன்றை அவர் பாடியபோது, குரல் திரும்பிவிட்டது என்று உலகம் கொண்டாடியது. கொண்டாடட்டும். அந்தப் பாட்டுக்கு அவர் தொண்டை அன்று என்ன விலை கொடுத்தது என்று கேட்கத்தான் ஆளில்லை.

இந்த இடத்தில் 2019இல் வந்த இன்னொரு ஆவணப்படத்தையும் நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டைப் பற்றியது. தனக்குப் பார்க்கின்சன் நோய் என்றும் இனிப் பாட முடியாது என்றும் 2013இல் அவர் சொன்னார். பிறகு, அது பார்க்கின்சனைப் போலவே தோன்றும் வேறொரு நோய் என்று மருத்துவர்கள் திருத்தினார்கள். அந்தப் படத்தில் பெரும்பகுதி பழைய மேடைகள், பழைய பதிவுகள். நோய் ஓரங்களில் மட்டும் வருகிறது. முடிவில் வீட்டு அறையில் உறவினர் இருவரோடு உட்கார்ந்து ஒரு மெக்சிகோ பாடலை மெல்லப் பாடுகிறார். இதைப் பாட்டு என்று சொல்ல முடியாது என்று அவரே மறுக்கிறார். முழங்காத, யாருக்கும் விற்க முடியாத அந்தச் சின்ன ஒலி, ஈஃபில் கோபுரத்துப் பாட்டைவிட எனக்கு அதிகம் சொன்னது. நோயைக் காட்டுவதில் செலினின் படம் துணிச்சலானது. நோயோடு குரலை எங்கே விட்டுவிடலாம் என்று தெரிந்த படம் லிண்டாவுடையது.

தொண்டையில் வலி என்று சொன்ன பெண்ணை நம்பாமல் போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. செலினின் படம் அதைத் தொடவே இல்லை. பண்டைய கிரேக்கத்தில் கருப்பை உடலுக்குள் அலைந்து திரிந்து மூச்சை அடைக்கும் என்று நம்பினார்கள். ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். 1602இல் லண்டனில் மேரி குளோவர் என்ற 14 வயதுச் சிறுமிக்குத் தொண்டை அடைத்து, விழுங்க முடியாமல், பேச்சு நின்றது. பக்கத்திலிருந்த ஒரு முதியவள் சூனியம் வைத்தாள் என்று வழக்கு. எட்வர்ட் ஜோர்டன் என்ற மருத்துவர் இது சூனியமல்ல, நோய்தான் என்று வாதாடி, 1603இல் ஒரு நூலும் எழுதினார். சூனியக்காரி என்று ஒரு கிழவியைத் தண்டித்த காலத்தில் அது முன்னேற்றமே. ஆனால் அவர் அந்த நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் கருப்பைதான். தொண்டையில் உருண்டை அடைப்பது போன்ற உணர்வுக்கே 'ஹிஸ்டீரியா உருண்டை' என்று பெயர் வந்து, நெடுங்காலம் மருத்துவத்தில் நிலைத்தது.

ஃப்ராய்ட் 1905இல் வெளியிட்ட டோராவின் கதை பெண்ணிய விமர்சனத்தில் பலமுறை பேசப்பட்டது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இருமல், குரலடைப்பு. தந்தையின் நண்பர் தன்னிடம் அத்துமீறியதாக அவள் சொல்கிறாள். ஃப்ராய்டோ அந்த மனிதர் மேல் அவளுக்குக் காதல் என்றும், அவர் ஊரில் இல்லாதபோது பேசுவதற்கு ஆளில்லாததால் குரல் போனது என்றும் விளக்குகிறார். மூன்று மாதத்துக்குள் டோரா சிகிச்சையை விட்டு எழுந்து போய்விட்டாள். டோராவுக்கு நரம்பு நோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தொண்டையில் அவள் என்ன உணர்ந்தாள் என்பதைவிட, அது எந்த ஆணைப் பற்றியது என்பதே முக்கியமாகிப்போனதைச் சொல்கிறேன்.

குரல்வளைத் தசைகளில் மட்டும் தானாக இறுக்கம் ஏற்பட்டு, பேச்சு திக்கித் திணறி வெளிவரும் இயக்கக் கோளாறு ஒன்று உண்டு. ஜெர்மன் மருத்துவர் டிராபே 1871லேயே அதை விவரித்துவிட்டார். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அதன் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அது மனநோயாகவே கருதப்பட்டது. மூளையில் உள்ள இயக்கக் கட்டுப்பாட்டின் கோளாறு என்று ஏற்கப்பட்டு, 1980களில் குரல்நாண் தசையில் பாட்டுலினம் ஊசி போடத் தொடங்கிய பிறகே அந்தப் பெண்களுக்குச் சில மாதங்களாவது தளர்ச்சி கிடைத்தது. அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் டயான் ரீமுக்கு இந்த நோய் என்று கண்டறியப்பட்டது 1998இல். பேசுவதையே தொழிலாகக் கொண்டவருக்கே அது எளிதில் தெரியவரவில்லை.

செலினின் நோய்க்கு வருவோம். 1956இல் மேயோ கிளினிக்கின் இரண்டு மருத்துவர்கள் 14 நோயாளிகளை வைத்து அதை விவரித்தபோது வைத்த பெயர் 'ஸ்டிஃப் மேன் சிண்ட்ரோம்', விறைத்த ஆணின் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக வருகிற நோய் இது. பெயரில் 'ஆண்' போய் 'நபர்' வருவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் ஆனது. பார்க்கின்சன் நோயின் கதையும் இதேபோலத்தான் தொடங்குகிறது. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் ஆறு பேரும் ஆண்கள். சிலரை அவர் தெருவில் பார்த்தே குறிப்பெடுத்தார். தெருவில் நடமாடும் உடல்கள்தான் அவர் கண்ணில் பட்டிருக்கும். இத்தனைக்கும் விழுங்க முடியாமை, பேச்சு புரியாமல் போவது ஆகியவற்றை அவர் கவனமாகப் பதிந்திருக்கிறார்.

விறைப்பு நோயில் இன்னொரு பொறி இருக்கிறது. அதை உணர்ச்சி உண்மையாகவே தூண்டுகிறது. அதிர்ச்சியில் இறுகுகிறது, அழுகையில் இறுகுகிறது. பதற்றத்தைக் குறைக்கும் மருந்தில் தளர்கிறது. எனவே 'உணர்ச்சிவசப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவது மிக எளிது. உணர்ச்சி தூண்டுகிறது என்பதும் உணர்ச்சிதான் நோய் என்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு வாக்கியத்தைப் படம் சொல்லியிருந்தால், பிரபலமில்லாத பல பெண்களுக்கு அது பயன்பட்டிருக்கும்.

பிரபலமில்லாத ஒரு பெண்ணைப் பற்றித்தான் இனி எழுத வேண்டும். அம்மாவின் குரல் ஒரு காலத்தில் கொல்லையில் கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கும். பொம்பளைக் குரல் வாசப்படி தாண்டக் கூடாது என்று பாட்டி கண்டித்துக்கொண்டே இருப்பாள். அம்மா கேட்டதில்லை. அறுபதைத் தாண்டிய பிறகு அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முகத்தில் அசைவு குறைந்தது. நடை நிதானமானது. வீட்டில் ஒருவருக்கும் இது நோயாகத் தெரியவில்லை. "அண்ணி இப்பதான் பொறுமையாப் பேசக் கத்துக்கிட்டாங்க" என்றார் அத்தை. அப்பாவுக்கு மட்டும் எரிச்சல். "வாய்க்குள்ளயே பேசுனா எனக்கு என்ன தெரியும்?" தொலைபேசியில் பேசும்போது, வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது என்று நான்கூட மகிழ்ந்திருக்கிறேன்.

தணிந்த குரல், சலனமில்லாத முகம், மெல்லிய நடை. நரம்பியல் புத்தகத்தில் இவை பார்க்கின்சனின் அறிகுறிகள். நம் வீடுகளில் இவற்றுக்கு அடக்கம் என்று பெயர். ஒரு பாடகியின் குரல் போனால் அது உலகச் செய்தி. ஒரு குடும்பத்தலைவியின் குரல் போனால் அது நற்குணம். அம்மா அடக்கமானவளாகிவிட்டதாக நாங்கள் நினைத்த இரண்டு வருடங்களில் அவள் உடல் இறுகிக்கொண்டிருந்தது.

தொண்டையில் வலி என்று அவள் சொல்லாமல் இல்லை. "யாரோ உள்ளேர்ந்து கயிறு போட்டு இறுக்குற மாதிரி இருக்கு" என்றாள். பக்கத்து மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்பாக இல்லை, ஒன்றுமில்லை என்றார். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். டென்ஷன் வேண்டாம் என்றார். வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். கை நடுக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. தொண்டை தெரியவில்லை. கழுத்துத் தசைகளின் விறைப்பு, தாமதமாக இறங்கும் உணவு, வறண்ட வாய், பாதியில் ஒட்டிக்கொள்ளும் மாத்திரை, மற்றவர் காதுக்கு எட்டவைக்க ஒவ்வொரு சொல்லுக்கும் எடுக்கும் பிரயத்தனம், எல்லாம் சேர்ந்த வலி அது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

குரலை மீட்க அம்மாவுக்குச் சொல்லித்தரப்பட்ட பயிற்சிக்கு ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. லீ சில்வர்மன், அமெரிக்காவின் அரிசோனாவில் பார்க்கின்சனோடு வாழ்ந்த பெண். அவர் பேசுவது தங்களுக்குக் கேட்டால் போதும், புரிந்தால் போதும் என்று அவர் குடும்பத்தினர் ஏங்கியதிலிருந்து, 1980களின் பிற்பகுதியில் லொரைன் ராமிக் என்ற பேச்சு சிகிச்சை ஆய்வாளரும் அவர் சகாக்களும் உருவாக்கிய முறை அது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். அடிப்படை விதி ஒன்றுதான்: சத்தமாகப் பேசு. பார்க்கின்சன் நோயாளிக்குத் தன் குரல் தாழ்ந்திருப்பது தெரியாது. சாதாரணமாகப் பேசினால்கூடத் தான் கத்துவதாகவே அவர் காதுக்குத் தோன்றும். ஆகவே, கத்துவதாகத் தோன்றும் அளவே சரியான அளவு என்று பழக்கப்படுத்த வேண்டும். அதையும் தொண்டையை நெரிக்காமல், வயிற்றிலிருந்து மூச்செடுத்துச் செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு இது கடினமாக இருந்ததற்கு நோய் மட்டும் காரணமில்லை. "நான் கத்திக்கிட்டுதானே இருக்கேன். இதுக்கு மேல கத்துனா பக்கத்து வீட்ல என்ன நினைப்பாங்க?" என்று கேட்டாள். தாழ்ந்த குரலே தன் சரியான குரல் என்று அவள் மூளை நம்பியதில் நோயின் பங்கு எவ்வளவு, பாட்டியின் பங்கு எவ்வளவு என்று எந்த நரம்பியல் மருத்துவரும் பிரித்துச் சொல்ல முடியாது. இளமையில் கேட்காத கண்டிப்பு முதுமையில் உடலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது. வாழ்நாள் முழுவதும் குரலைத் தாழ்த்து என்று கேட்ட ஒருத்திக்குக் கத்து என்று மருந்து எழுதிக் கொடுத்தால், அவள் அதை மாத்திரையைப் போல உடனே விழுங்கிவிட முடியாது.

செலினின் படத்தைப் பற்றி எனக்கிருக்கும் கடைசிக் குறை இங்கிருந்து வருவதுதான். அவருக்கு நோய்க்குப் பெயர் கிடைக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. உலகின் எந்த மருத்துவரையும் அணுகக்கூடியவரின் நிலையே இதுவென்றால், டார்ச் வெளிச்சத்தில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிற பெண்களின் நிலை என்ன? இதை ஒரு நட்சத்திரத்தின் தனித்த சோகமாகச் சொல்லி முடித்துக்கொள்வதில் படத்துக்குச் சௌகரியம் இருக்கிறது. ஒலிவாங்கியைத் தட்டிய அந்தக் கையும், மாத்திரைக்குப் பிறகு தொண்டையைப் பிடித்துக்கொள்ளும் கையும் ஒரே பொய்யைத்தான் காத்துவந்தன: எனக்கு ஒன்றுமில்லை. ஒருத்தி அதை ரசிகர்களுக்காகச் சொன்னாள், இன்னொருத்தி எங்களுக்காகச் சொன்னாள். கேட்டுக்கொண்டவர்கள் இருவருக்கும் நன்றி சொல்லவில்லை, சந்தேகப்படவும் இல்லை.

ஆனாலும் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வேன். உடைந்த குரலைத் திருத்தாமல், ஒலி சேர்க்காமல், அப்படியே கேட்கவைத்ததற்காக. மூச்சுக்குக் காதுகொடுத்த அந்தச் சில நிமிடங்களுக்காக. படத்தை முடித்த அன்று மாலை அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பயிற்சி நேரம். 'ஆ' என்று நீட்டினாள். 12 நொடி வந்தது. எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன சத்தம், சண்டையா?" என்றார். அம்மாவின் முகம் அசையவில்லை, ஆனால் கண் சிரித்தது. "ஆமா" என்றாள், அவருக்குக் கேட்கும்படியாகவே.

வழக்கமாக நான் எத்தனை நொடி என்று எழுதிவைத்துவிட்டு, இன்னும் சத்தமாக என்பேன். அன்று நோட்டை மூடிவிட்டு, "தொண்டை வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, எங்கெங்கே எப்படி வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். நிறைய இருந்தது. பாதி சத்தம் வரவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.